வில்லாவின் மூலையில் நின்றவர்கள்

2025 ஜூலை 19 அன்று லாஸ் வேகாஸில் பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் மீண்டும் மேடையேறினார். அவருக்கு வயது 46. எதிரே நின்ற மரியோ பாரியோஸுக்கு 30. பன்னிரண்டு சுற்றும் சளைக்காமல் ஆடி, சமன் என்ற தீர்ப்போடு கீழே இறங்கினார். அதன் பிறகு பல நாள் என் நண்பர்கள் வட்டத்தில் இதே பேச்சு. வயதை வென்றவர், வலியை வென்றவர், இரும்பு மனிதர் என்று ஆளாளுக்குப் புகழ்ந்து எழுதினார்கள். எனக்கும் பாக்கியாவைப் பிடிக்கும். ஆனால் அந்த வாரம் முழுக்க என் மனத்தில் இருந்தவர் வேறொரு பிலிப்பைன்ஸ்காரர்.

அந்தச் சண்டைக்கு ஐந்து நாள் முன்பு, ஜூலை 14ஆம் தேதி, பாஞ்சோ வில்லா இறந்து சரியாக நூறு ஆண்டுகள் நிறைந்தன. மெக்சிகோவின் புரட்சிக்காரரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் அதே பெயரைத் தாங்கிய குத்துச்சண்டை வீரர். உலகப் பட்டம் வென்ற முதல் பிலிப்பைன்ஸ்காரர், முதல் ஆசியரும் அவரே. இறந்தபோது வயது 23. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: பல் பிடுங்கிய பிறகு மருத்துவர் சொன்னதைக் கேட்காமல் கூத்தடித்தார், செத்துப்போனார். இந்த ஒற்றை வரியோடு எனக்குப் பல ஆண்டுகளாகச் சண்டை. அதைத்தான் இன்று எழுதித் தீர்க்கப் போகிறேன்.

அவருடைய இயற்பெயர் பிரான்சிஸ்கோ கில்யேடோ. 1901 ஆகஸ்ட் 1 அன்று நீக்ரோஸ் தீவில், கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த பகுதியில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய்க்குத் துணையாக ஆடு வளர்த்த பிள்ளை, பதினொரு வயதில் கடல் கடந்து இலோய்லோ நகரத்துக்குப் போய்ச் செருப்புக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தது. அங்கே ஒரு குத்துச்சண்டைக்காரரின் நட்பு கிடைத்து, இருவருமாக மணிலாவுக்குப் போனார்கள்.

அப்போது அந்த நாடு அமெரிக்காவின் பிடியில் இருந்தது. 1898இல் ஸ்பெயினிடமிருந்து இரண்டு கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா அதை எடுத்துக்கொண்டிருந்தது. கூடவே வந்த சிப்பாய்களின் முகாம்களிலிருந்துதான் குத்துச்சண்டை ஊருக்குள் இறங்கியது. குள்ளமான உடல்வாகு கொண்ட உள்ளூர்ப் பையன்கள் அதில் மின்னலாய்ச் சுழல்வதைப் பார்த்த அமெரிக்க வியாபாரிகளுக்கு இதில் காசு இருக்கிறது என்பது உடனே புரிந்துவிட்டது. பிராங்க் சர்ச்சில் அவர்களில் ஒருவர். பாகிட்டோ வில்லா என்ற மணிலாக்காரர் இந்தப் பையனைத் தன் பிள்ளைபோல் ஏற்றுக்கொண்டார். பாஞ்சோ வில்லா என்ற பெயர் அந்த வீட்டிலிருந்து வந்தது என்பார்கள். 1922இல் இருவரும் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார்கள்.

உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அவர் ஆடிய பிளைவெயிட் எடைப் பிரிவின் வரம்பு 112 பவுண்டு, அதாவது ஐம்பத்தோரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. நம் வீட்டு அரிசி மூட்டையின் எடைதான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு, மணி அடித்ததிலிருந்து மறுமணி அடிக்கும் வரை விடாமல் முன்னேறிக்கொண்டே இருப்பது அவருடைய பாணி. போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே ஜானி பஃப் என்பவரை வீழ்த்தி அமெரிக்கப் பட்டத்தைப் பிடித்தார். 1923 மார்ச்சில் ஃபிராங்கி ஜெனாரோவிடம் அதை இழந்தார்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று நடந்தது. உலக சாம்பியனாகப் பெயர் பெற்றிருந்த வேல்ஸ் நாட்டு ஜிம்மி வைல்ட் அமெரிக்கா வந்து பட்டத்துக்காக மோதச் சம்மதித்தார். நியாயப்படி அந்த வாய்ப்பு ஜெனாரோவுக்குப் போயிருக்க வேண்டும். கிடைத்தது வில்லாவுக்கு. காரணம் எளிது: கூட்டத்துக்கு வில்லாவைப் பிடித்திருந்தது, அவர் ஆடினால் டிக்கெட் விற்றது. வில்லா அந்த வாய்ப்புக்குத் தகுதியற்றவர் என்று நான் சொல்லவில்லை. அவர் ஏறியபோது ஏணியைப் பிடித்திருந்தது டிக்கெட் வசூல் என்பதைத்தான் சொல்கிறேன். அவர் விழுந்த கதையிலும் அதே கை வரும்.

1923 ஜூன் 18, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். வைல்டுக்கு 31 வயது. இரண்டு ஆண்டுக்கு மேல் மேடை ஏறாதவர். பெரும் தொகை காட்டி அழைத்து வரப்பட்டிருந்தார். இரண்டாம் சுற்று முடிந்த மணியோசையோடு விழுந்த ஒரு குத்தில் நிலைகுலைந்தார். அது மணிக்கு முன்பா பின்பா என்று இன்றும் வாதம் உண்டு. வைல்ட் அதைக் காரணம் காட்டி விலகவில்லை. ஏழாம் சுற்றுவரை வாங்கிக்கொண்டே நின்றார், பிறகு சாய்ந்தார். அதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. செருப்புத் துடைத்த பையன் உலக சாம்பியன் ஆனது அப்படித்தான்: தன்னைப்போலவே பணம் காட்டி மேடையேற்றப்பட்ட இன்னொரு சின்ன உடம்பைச் சாய்த்து.

அடுத்த இரண்டு ஆண்டுகள் அவருடைய பொற்காலம். பட்டத்தோடு ஊர் திரும்பியபோது மணிலாவில் ஊர்வலம், ஆளுநரின் மலகான்யாங் மாளிகையில் வரவேற்பு. பட்டுச் சட்டைகள், சுற்றிலும் ஆட்கள் என்று பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தார். இதையும் அவர்மேல் குற்றமாக எழுதுகிறார்கள். பசியில் வளர்ந்த 22 வயதுப் பிள்ளையின் கையில் திடீரென்று அவ்வளவு பணம் வந்தால் வேறென்ன நடக்கும்? அதைச் சேர்த்துவைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள், அவர் சம்பாதித்ததில் பங்கு வாங்கிக்கொண்டிருந்த பெரியவர்கள்.

1925 மே மாதம் மணிலாவில் தன் நாட்டுக்காரரான கிளெவர் சென்சியோவை வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். அதுவே அவருடைய கடைசிப் பட்டப் போட்டி. அங்கிருந்து மீண்டும் அமெரிக்கா. ஜூலை 4, அமெரிக்க சுதந்திர நாள். விடுமுறைக் கூட்டம் திரளும் நாள் என்பதால் அன்று கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் பத்துச் சுற்றுப் போட்டி ஏற்பாடாகியிருந்தது. பட்டத்துக்கான ஆட்டம்கூட இல்லை. எதிராளி ஜிம்மி மக்லார்னின், 17 வயதுப் பையன்.

போட்டிக்குச் சில நாள் முன்பே வில்லாவின் முகம் வீங்கத் தொடங்கியது. பல்லில் சீழ். போட்டி நாள் காலையில் பல் மருத்துவரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். அன்றே போய் மேடையில் நின்றார்.

இந்த இடத்தைக் கடந்து போக என்னால் முடியவில்லை. என் தந்தைக்கு ஒருமுறை கீழ்க்கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியது. இரண்டு நாள் கிராம்பு எண்ணெயை வைத்துச் சமாளித்தார். பல்லை எடுத்த அன்று தலையணையில் கன்னம் பட்டால்கூட முனகினார், கஞ்சிகூட இறங்கவில்லை. அப்படி ஒரு கன்னத்தை வைத்துக்கொண்டுதான் ஒருவர் பத்துச் சுற்று நின்றிருக்கிறார். அதுவும் பின்னாளில் வெல்டர்வெயிட் என்ற கனமான எடைப் பிரிவில் உலக சாம்பியன் ஆகப்போகும் கைகளுக்கு முன்னால். பெரும்பாலான நேரம் ஒரு கையால் வீங்கிய கன்னத்தை மறைத்துக்கொண்டு, மற்றொரு கையால் மட்டுமே ஆடினார். புள்ளிகளில் தோற்றார், விழவில்லை. தன் வாழ்க்கையில் ஒருமுறைகூட நாக் அவுட் ஆகாதவர் அவர்.

அவரே பிடிவாதம் பிடித்தார் என்கிறார்கள். இருக்கலாம். குத்துச்சண்டை வீரர் பிடிவாதம் பிடிக்கத்தான் செய்வார், அதற்காகவே பழக்கப்படுத்தப்பட்டவர். அதனால்தான் மேடையில் அவருக்கென்று ஒரு மூலை இருக்கிறது, அந்த மூலையில் அடிபடாத சிலர் நிற்கிறார்கள். தண்ணீர் கொடுப்பதும் ரத்தம் துடைப்பதும் மட்டும் அவர்கள் வேலை இல்லை. அவர் போகிறேன் என்னும்போது போகாதே என்று சொல்வதும் அவர்கள் வேலை. அன்று காலை பல் பிடுங்கிய ஒருவரின் போட்டியை ஒரு வாரம் தள்ளிவைக்க யாரும் முன்வரவில்லை. டிக்கெட் விற்றாகிவிட்டது, விடுமுறை நாள் திரும்ப வராது.

போட்டிக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, தொற்று பரவியிருப்பது தெரிந்து மேலும் மூன்று பற்களை எடுத்தார்கள். படுத்திருக்கச் சொன்னார் மருத்துவர். வில்லா கேட்கவில்லை, நண்பர்களோடு கொண்டாட்டத்தில் இருந்தார். கடைசியில் பயிற்சியாளர் அவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அறுவை சிகிச்சையின்போது நினைவிழந்தவர் மீளவில்லை. லுட்விக் ஆஞ்சைனா என்று அந்த நோய்க்குப் பெயர். கீழ்ப்பற்களின் வேரில் தொடங்கும் தொற்று நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் இறங்கி, கழுத்தை வீங்கவைத்து, நாக்கை மேலே தள்ளி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928இல்தான். அதற்கு முன்பு இந்த நோய் வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைத்ததில்லை. சூதாட்டக் கும்பல் மயக்க மருந்தைக் கூடுதலாகக் கொடுத்துக் கொன்றுவிட்டது என்று அவருடைய மனைவி கடைசிவரை நம்பினார். எனக்கு அந்தச் சதி தேவைப்படவில்லை. சதியே இல்லாமல், எல்லோருக்கும் தெரிந்து, வெளிச்சத்தில் நடந்ததே போதும்.

அந்த ஒரு வாரக் கொண்டாட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அவரைப் பொறுப்பற்றவர் என்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சீழ் பிடித்த வாயோடு பத்துச் சுற்று அடிவாங்கிய அன்று, இவர்தான் உண்மையான வீரர் என்று கைதட்டிய உலகம் அது. வலியைப் பொருட்படுத்தாதே என்று ஜூலை 4 அன்று கைதட்டிக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஜூலை 8 அன்று ஏன் வலியைப் பொருட்படுத்தவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

நூறு ஆண்டில் எல்லாம் மாறிவிட்டதே என்பீர்கள். பாக்கியாவின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்முறைக்கு வந்தபோது வயது 16, எடை போதவில்லை. சட்டைப்பையில் கனமான பொருள்களைப் போட்டுக்கொண்டு எடை மேடையில் நின்றதை அவரே சொல்லியிருக்கிறார். 2015 மே 2 அன்று அமெரிக்க வீரர் ஃபிளாய்ட் மேவெதரோடு மோதியபோது அவருடைய வலது தோளில் காயம் இருந்தது. போட்டிக்கு முன் நிரப்பிக்கொடுத்த படிவத்தில், தோளில் காயம் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று குறிக்கப்பட்டிருந்தது. கடைசி நேரத்தில் உடைமாற்றும் அறையில் வலி நிவாரண ஊசி கேட்டார்கள். முன்பே தெரிவிக்காத காயத்துக்கு அனுமதி இல்லை என்று நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் மறுத்தது. தோற்றார், அடுத்த சில நாள்களில் அறுவை சிகிச்சை. அந்த ஒரு போட்டிக்கு அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் பேர் காசு கட்டியிருந்தார்கள். அதைத் தள்ளிவைக்கும் துணிச்சல் யாருக்கு இருந்திருக்கும்? எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்று, செனட்டராகி, 2022இல் அதிபர் தேர்தலில் தோற்று, 2025 மே மாதம் செனட் தேர்தலிலும் தோற்று, இரண்டே மாதத்தில் 46 வயதில் மீண்டும் கையுறை மாட்டினார். நாம் இரும்பு மனிதர் என்று எழுதினோம். நானும் அன்று ஒரு சுற்றில் எழுந்து நின்று கத்தினேன். வெட்கத்தோடு சொல்கிறேன்.

இனி அன்று எதிர்மூலையில் நின்ற பையனைப் பற்றி. மக்லார்னினும் ஏழைதான். அயர்லாந்தில் பிறந்து, கனடாவின் வான்கூவரில் பெரிய குடும்பம் ஒன்றில் வளர்ந்து, பத்திரிகை விற்ற சிறுவன். சார்லஸ் ஃபாஸ்டர் என்பவர் அவரைக் கண்டெடுத்தார். முதல் உலகப்போரில் காயம்பட்டு வந்த மனிதர். நீ சாம்பியன் ஆவாய் என்று சிறுவனிடம் சொல்லி, அவனுக்காகவே ஒரு பயிற்சிக்கூடம் அமைத்தார். யாரோடு மோதலாம், யாரோடு கூடாது என்று அவர் முடிவெடுத்தார், வந்த பணத்தைச் சேர்த்துவைத்தார். மக்லார்னின் இருமுறை உலகப் பட்டம் வென்றார். 1936இல், 28 வயதில், லூ ஆம்பர்ஸை வென்ற கையோடு விலகினார். திரும்பி வரச் சொல்லிப் பணம் காட்டினார்கள், வரவில்லை. ஃபாஸ்டர் இறந்தபோது தன் சொத்தை அவருக்கே எழுதிவைத்திருந்தார். மக்லார்னின் 2004 அக்டோபரில் இறந்தார். வயது 96.

செருப்புத் துடைத்தவருக்கு 23, பத்திரிகை விற்றவருக்கு 96. இருவரும் ஒரே மேடையில் அரை மணிக்கு மேல் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டவர்கள். அவர்களின் திறமையில் இந்த 73 ஆண்டு வித்தியாசம் இல்லை. மூலையில் யார் நின்றார்கள் என்பதில் இருந்தது என்று நான் வெகுகாலமாகச் சொல்லிவந்தேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் இதை எழுதும்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. வில்லாவின் கன்னம் எவ்வளவு வீங்கியிருந்தது என்பது அந்த மேடைக்கு அருகே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஃபாஸ்டருக்கும் தெரிந்திருக்கும். மணி அடித்ததும் அவரும் தன் பையனை உள்ளே அனுப்பினார்.