சக்கரம் வேண்டாம், ஒரு மேசை போதும்

அலுவலகத்தில் எல்லாரையும் பழகவைக்க நடத்தும் ‘டீம் பாண்டிங்’ என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. பௌலிங், கரவோக்கே எதுவானாலும் அன்றைய பொழுது சத்தமாகப் பேசுகிறவர்களுக்குத்தான். வாய் திறக்காத ஆள் ஓரமாக நின்று கைதட்டிவிட்டு எம்ஆர்டி ஏறிப் போய்விடுவார். அதனால் இப்போதெல்லாம் மட்பாண்ட வகுப்புக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாரும் கேட்பது பானை வனையும் சக்கரம். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

படத்துக்கு அழகாக இருக்கும், சரி. ஆனால் மண்ணை மையத்துக்குக் கொண்டுவருவதற்குள்ளேயே போதும் போதும் என்றாகிவிடும். முழங்கையைத் தொடையில் ஊன்றி அழுத்திப் பிடிக்க வேண்டும். கை லேசாக அசைந்தாலும் மண் ஆட்டம் போடும். பக்கத்தில் யார் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. கடைசியில் ஆசிரியர் வந்து நிமிர்த்திக் கொடுப்பார், கிண்ணத்தில் பாதி அவர் கைவேலை. எதையும் முதல் தடவையே சரியாகச் செய்துவிட நினைக்கும் ஆட்களுக்கு இதைவிடத் தண்டனை வேண்டாம்.

பலவிதமான ஆட்கள் சேர்ந்த கூட்டம் என்றால் ஒரே மேசை, ஒரே பானை. மண்ணைக் கயிறுபோல் உருட்டி வளையம் வளையமாக அடுக்கிக் கட்டுவது. சமூக மன்றத்தில் பழக்கமான சிலரோடு இப்படிச் செய்தபோது, காப்புறுதி விற்கும் அண்ணன் ஒருவர் கதை சொல்லிக்கொண்டே உருட்டித் தள்ளினார். ஒரு முனை விரல் தடிமன், மறுமுனை நூல். எதிரில் தேசிய சேவையில் இருக்கும் தம்பி. அவன் வேலை, முள்கரண்டியால் விளிம்பைக் கீறி, மண்குழம்பு தடவி, அடுத்த வளையத்தை ஒட்டுவது. கீறாமல் ஒட்டினால் காயும்போது பிரிந்துவிடும். வந்ததிலிருந்து பேசாதவன் திடீரென்று, “அண்ணே, மெல்ல உருட்டுங்க, உங்களுதுதான் விரிசல் விடுது” என்றான். அண்ணனும் மறுபேச்சில்லாமல் வேகத்தைக் குறைத்தார்! வேறெங்கே இது நடக்கும்? பேசத் தெரிந்தவன், தெரியாதவன் என்ற கணக்கே மண்ணுக்கு இல்லை. ஈரம் எவ்வளவு, தடிமன் எவ்வளவு, அவ்வளவுதான்.

(செய்த கிண்ணத்தைப் பார்த்துக் குணம் சொல்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.)

இன்னொன்றும் நம் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. ஜாலான் பஹார் பக்கம், லோரோங் தாவாஸில் 1940இல் கட்டிய டிராகன் சூளை. ஒரு காலத்தில் ரப்பர் பால் பிடிக்கும் கோப்பைகளைச் சுட்டெடுத்த இடம். சரிவில் நீளமாகப் படுத்திருக்கும் விறகுச் சூளை அது. முன்வாயில் தீ மூட்டி, பிறகு பக்கத்துத் துளைகள் வழியாக மேல்நோக்கி விறகு போட்டுக்கொண்டே போக வேண்டும். 1200 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும் என்பதால் இராப்பகலாக ஆள் மாற்றி ஆள் நிற்பார்கள். பரபரப்பான ஆள் விறகு தூக்கலாம், பொறுமைசாலி நடுநிசியில் தீயின் நிறம் பார்க்கலாம். பறக்கும் சாம்பல் பாண்டத்தில் படிந்து உருகித் தானே பளபளப்பு ஏறும். எது எப்படி வரும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, மேலாளராலும்கூட. இதையெல்லாம் விட்டுவிட்டு, இரண்டு மணி நேர வகுப்பு, ஒரு செல்ஃபி, முடிந்தது கதை என்றால் எப்படி?

பொங்கல் சமயத்தில் பானைக்கு வண்ணம் பூசும் போட்டி பல இடங்களில் நடக்கிறது. அதற்குப் பதில் மேசைக்கு நாலைந்து பேராக உட்கார்ந்து பானையே செய்து பார்க்கலாமே? அதைக் கொண்டுபோய் அடுப்பில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். வகுப்புகளில் பெரும்பாலும் கொடுக்கிற மண் நேரடித் தீயைத் தாங்காது, வெடித்துவிடும். பொங்கல் வைக்க வழக்கம்போல் தேக்காவில் ஒரு பானை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், காய்ந்து, இரண்டு முறை சூளையேறி உங்கள் பானை கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். போய் எடுத்துவர ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். எங்கள் குழுவில் அந்தத் தம்பியே போய்வந்தான்.