யாராவது ஒருத்தர் கூட்டிப் பாருங்கள்

என் பெண்ணின் ஒன்பதாம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில், வியாழக்கிழமை ராத்திரி வந்த வீட்டுப்பாடத்தைத் திங்கட்கிழமை கொடுக்கலாமா என்று நான் கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும் பற்றி மறுபடி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன பதிவுக்கு வந்த கமெண்டுகளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "ஆசிரியர்களை அவமானப்படுத்துறீங்க" என்கிறார் ஒருவர். "வீட்டுப்பாடமே வேண்டாம்கிறாங்களா இந்தம்மா?" என்கிறார் இன்னொருவர். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? ஸ்கிரீன்ஷாட் அங்கேயேதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

அந்தப் பதிவில் நான் கேட்டது ஒரே கேள்வி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு வீட்டுப்பாடம் சேர்கிறது என்று பள்ளியில் யாராவது கூட்டிப் பார்க்கிறீர்களா?

கணக்கு மிஸ் ஒரு பயிற்சி முழுக்கப் போட்டு வரச் சொல்கிறார். கேட்டால் அரை மணி நேர வேலைதானே என்பார். சமூக அறிவியலுக்குப் பாடத்தின் பின்னால் இருக்கிற கேள்வி பதில் மொத்தமும். அதுவும் அரை மணி நேரம்தான். தமிழுக்கு மனப்பாடப் பகுதி, ஆங்கிலத்துக்கு கிராமர். தனித்தனியாகப் பார்த்தால் யார்மேலும் தப்பு இல்லை. ஆனால் இந்த அரை மணி நேரமெல்லாம் ஒரே பிள்ளையின் ஒரே ராத்திரியில் வந்து விழுகிறதே, அதை யார் பார்ப்பது? ஸ்பெஷல் கிளாஸ் முடித்து வேனை விட்டு இறங்கும்போதே மணி ஆறு.

இதெல்லாம் போதாதென்று பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாட்ஸ்அப்பில் அறிவியல் வருகிறது. தனிம வரிசை அட்டவணை, சார்ட்டில், நாளைக்கே. அந்த நேரத்தில் எந்த ஸ்டேஷனரி கடை திறந்திருக்கும்? பழைய மாதக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து 18 தொகுதி, 7 வரிசை கோடு போட்டாள் என் பெண். லாந்தனைடு வரிசைக்கு வரும்போது பச்சை ஸ்கெட்ச் பேனா காய்ந்துவிட்டது. அதைத் தண்ணீரில் முக்கி முக்கி எழுதினாள். 118 கட்டத்தையும் நிரப்பிவிட்டுத்தான் படுத்தாள். அந்தத் தாள் இப்போது எங்கே என்று கேட்டேன். ஸ்டாஃப் ரூம் பீரோ மேல் கட்டிப் போட்டிருக்கிறார்களாம்.

விதி ஒன்றும் இல்லாமல் இல்லை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2020ல் பள்ளிப் பைக் கொள்கை என்று ஒன்று வெளியிட்டது. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது, 6 முதல் 8 வரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், 9 முதல் 12 வரை இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரம் என்றால் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. இந்தச் சுமையைப் பற்றி விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு அறிக்கை கொடுத்தது 1993ல். நானே அப்போது பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன். "அதெல்லாம் சிபிஎஸ்இக்குத்தான், நம்மளது மெட்ரிக்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி சார். மெட்ரிக் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

"அந்தக் காலத்தில் நாங்க எழுதலையா?" என்பவர்களுக்கு. நானும் எழுதினேன். எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் தினமும் இரண்டே கணக்குதான் கொடுப்பார். மறுநாள் எல்லார் நோட்டையும் வாங்கிப் பார்ப்பார். தப்பான வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டுப் பக்கத்தில் "ஏன்?" என்று எழுதியிருப்பார். அந்த "ஏன்"னுக்குப் பதில் எழுதிக் காட்டினால்தான் நோட்டு திரும்பி வரும். இப்போது என் பெண்ணின் சமூக அறிவியல் நோட்டைப் பாருங்கள். கைடிலிருந்து காப்பியடித்ததில் "மேற்கண்ட வரைபடத்தைப் பார்க்கவும்" என்ற வரியும் சேர்ந்து வந்திருக்கிறது. மேலே வரைபடமும் இல்லை, ஒன்றும் இல்லை. கீழே பெரிதாக ஒரு டிக், தேதி, கையெழுத்து.

உடனே "ஒரு வகுப்பில் 45 பிள்ளைங்க, நாலு செக்‌ஷன், எப்படிங்க திருத்துறது?" என்பீர்கள். நியாயம். நானும் அதைத்தானே சொல்கிறேன். திருத்த முடியாத அளவுக்கு எதற்குக் கொடுக்கிறீர்கள்? கொடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து அழுத்தம் என்றால் அதையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், உங்கள் பக்கம் வந்து நிற்கிறோம்.

வீட்டுப்பாடம் இல்லாவிட்டால் பிள்ளைகள் போனை நோண்டும் என்கிற அக்காவுக்கு: வீட்டுப்பாடம் வருவதே போனில்தான் அக்கா. ஃபின்லாந்து பள்ளிக்கூடங்கள் பற்றி லிங்க் அனுப்பிய தம்பி, தயவுசெய்து வேண்டாம்.

எனக்கு நிஜமாகவே சுருக்கென்று தைத்தது வேறு. அன்றைக்கு ராத்திரி குரூப்பில், சார்ட்டைத் "திங்கட்கிழமை கொடுக்கலாமா சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். சாரிடமிருந்து வந்த பதில்: "வேலைக்குப் போற அம்மாக்களுக்குக் கஷ்டம்தான், புரியுது." கூடவே ஒரு கும்பிடு. பிள்ளையைப் பற்றிக் கேட்டால் என் வேலையைப் பற்றிப் பதில். அந்த குரூப்பில் இருக்கிற அப்பாக்கள் எல்லாம் வேலைக்குப் போகாமல் வீட்டிலா உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர்களில் ஒருத்தரிடமாவது இப்படிச் சொல்வார்களா? கடையில் நாள் முழுக்க நின்று பில் போட்டுவிட்டு எட்டரைக்கு வந்து உலை வைக்கிறேன். அதற்கப்புறம் டைரியில் கையெழுத்து, நோட்டுக்கு அட்டை, மனப்பாடம் ஒப்பிக்கக் கேட்பது. இதில் எது பிள்ளைக்குக் கொடுத்த வேலை, எது எனக்குக் கொடுத்த வேலை? அதையும் யாரும் கூட்டிப் பார்த்ததில்லை.

கடைசியாக, இன்பாக்ஸில் வந்து "சூப்பரா கேட்டீங்க சிஸ்டர், எங்க வீட்லயும் இதேதான்" என்று சொன்ன பெற்றோர்களுக்கு. அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று மாற்றும்வரை குரூப் திறந்துதான் இருந்தது. எல்லாரும் படித்ததற்கு நீல டிக்கும் விழுந்திருந்தது. ஒருத்தராவது "ஆமாம் சார், எங்களுக்கும் திங்கட்கிழமைன்னா நல்லது" என்று ஒரு வரி போட்டிருக்கலாம். நீங்கள் போட்டது "தேங்க் யூ சார்".

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது. நான் இதே கேள்வியோடு வருகிறேன். அன்றைக்கும் எனக்கு இன்பாக்ஸில்தான் ஆதரவு என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், கடையில் அரை நாள் லீவு சொல்ல வேண்டும்.