லேவியராகமத்தோடு நின்றுவிடாமலிருக்க
வேதாகமத்தை ஒரு வருஷத்தில் வாசித்து முடிக்க 'தினம் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து' என்று சொல்லப்படும் கணக்கு சரிதான். 1,189 அதிகாரமும் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். ஆனால் ஜனவரி 1-ல் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் ஆரம்பித்து வரிசையாகப் போனால், மாதக் கடைசியில் மூன்றாவது புத்தகமான லேவியராகமம் வந்து நிற்கும். பலிமுறை, குஷ்டரோகப் பிரமாணம் என்று வரும்போது பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள், பாவம்.

திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் பழைய ஏற்பாட்டில் இரண்டு, ராத்திரி ஜெபத்துக்கு முன் புதிய ஏற்பாட்டில் ஒன்று வாசியுங்கள். 52 வாரத்தில் புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரமும் முடியும். சனி மூன்று, ஞாயிறு ஐந்து, எல்லாமே பழைய ஏற்பாடு. மொத்தக் கணக்கு மாறாது. ஒரு நாள் தவறினால் மறுநாள் ஆறாக வாசித்துத் தள்ளாதீர்கள், மனதில் ஒன்றும் நிற்காது. அன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள், விட்டதைச் சனிக்கிழமை சேர்த்துக்கொள்ளலாம். 119-ம் சங்கீதத்துக்கு மட்டும் தனி நேரம் வேண்டும், ஒரே அதிகாரத்தில் 176 வசனம்.