கூட்டுப்பண்ணைக்குப் போகிறவர்கள் கேட்காத கேள்வி

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளிநாட்டில் ஒரு கூட்டுப்பண்ணையில் நிரந்தரமாகக் குடியேறப் போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நிலமும் சமையலறையும் வருமானமும் பொதுவாக இருக்கிற வாழ்க்கை சாத்தியம்தான் என்று முழுசாக நம்புகிறவன் நான். ஆனால் கிளம்புகிறவர்கள் விசாரிப்பதெல்லாம் என்ன பயிர், குளிர் தாங்குமா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்பதுதான். பத்து வருஷம் கழித்து வெளியே வர நேர்ந்தால் கையில் என்ன இருக்கும் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

கனடாவில் ஹட்டரைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பெரிய பெரிய பண்ணைகளை நடத்துகிறார்கள். சொத்து எல்லாம் பொது. இவர்களுடைய கூட்டுவாழ்வின் தொடக்கம் 1528. மானிடோபா மாகாணத்தில் இன்டர்லேக் என்கிற பண்ணையில் சிலர் வேறு சபைக்கு மாறினார்கள். பண்ணை அவர்களை நீக்கியது. உழைத்த உழைப்புக்குப் பங்கு கேட்டு நீதிமன்றம் போனார்கள். 1970-இல் கனடா உச்ச நீதிமன்றம் பங்கு கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சேரும்போது ஒப்புக்கொண்ட விதி அப்படி. உழுத மண்ணிலிருந்து வெறுங்கையோடு போனார்கள். இதைப் படித்த நாளிலிருந்து என் மனசு ஆறவில்லை.

எல்லா இடமும் அப்படியில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1967-இல் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் என்ற கூட்டுப்பண்ணையில் உங்கள் பழைய சேமிப்பு உங்கள் பேரிலேயே இருக்கும். உறுப்பினராக இருக்கும்வரை அதை எடுத்துச் செலவழிக்கக் கூடாது, அவ்வளவுதான். அங்கே வேலையை மணிக்கணக்கில் வரவு வைக்கிறார்கள். கணக்கு எழுதுகிற ஒரு மணி நேரமும் பாத்திரம் கழுவுகிற ஒரு மணி நேரமும் ஒன்றே. அந்த ஒரு விதிக்காகவே அந்த இடத்தின் மேல் எனக்கு மரியாதை.

இஸ்ரேலில் கிப்புட்ஸ் என்று சொல்லப்படும் கூட்டுப்பண்ணைகளின் கதை இன்னும் கனமானது. 1910-இல் கலிலேயா ஏரிக்குத் தெற்கே தெகானியாவில் ஆரம்பித்தது. தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் என்ற ஒன்றே இல்லை. வயசான காலத்தில் கிப்புட்ஸ் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் ஏற்பாடு. 1980-களில் விலைவாசியும் வட்டியும் ஏறி, பல கிப்புட்ஸ்கள் கடனில் மூழ்கின. தன் பேரில் காசு சேர்க்காத முதியவர்களுக்கு ஓய்வூதியத்துக்குப் போதிய பணம் பல இடங்களில் இல்லை. இன்று பெரும்பாலான கிப்புட்ஸ்களில் வேலைக்கேற்ற சம்பளம் வந்துவிட்டது. கொள்கை தோற்றது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். முதுமைக்கென்று தனியாகக் காசு ஒதுக்காமல் விட்டதுதான் அங்கே பெரிய தவறு.

விசா விஷயமும் சாதாரணமில்லை. சாப்பாட்டுக்கும் தங்கவும் வேலை செய்தால் அது வேலை இல்லை என்று நினைத்து டூரிஸ்ட் விசாவில் போகிறார்கள். பல நாடுகளின் சட்டத்தில் அதுவும் வேலைதான். சம்பளம் காட்ட முடியாத இடத்தில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை கேட்பது எவ்வளவு சிரமம் என்று போகும் முன்பே அந்த நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் கூட்டங்கள். நான் சில காலம் தங்கியிருந்த ஒரு பண்ணையில் புதிதாக ஒரு நாய் வளர்க்கலாமா என்று ராத்திரி வெகுநேரம் பேசினார்கள். பகலெல்லாம் களை பறித்த கைகள், நகக்கண்ணில் மண், மேசையில் ஆறிப்போன தேநீர். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் பேசவில்லை. நாய்க்கு பயப்படுகிற ஒரே ஒரு பெண்மணிக்காக அந்த யோசனையைக் கைவிட்டார்கள். எனக்கு அது அழகாகத் தெரிந்தது. உங்களுக்கு அது தாங்க முடியாத சலிப்பு என்றால், மண் எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும் அங்கே நிலைக்க மாட்டீர்கள்.

போக நினைக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: வீட்டை விற்கும் முன் அந்தப் பண்ணையின் விதிமுறைகளை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். நீக்கம், விலகல், நோய், முதுமை இந்த நாலுக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கிருந்து விலகிப் போன ஒருவரிடமாவது பேசுங்கள். அப்படிப்பட்டவரைக் காட்டமாட்டோம் என்று பண்ணைக்காரர்கள் மழுப்பினால் பணம் கட்டாதீர்கள்.