விண்டோஸ்ல வந்தா சகஜம், லினக்ஸ்ல வந்தா என் திமிரு

எங்க விழா மலர் கமிட்டி குரூப்ல நேத்து ராத்திரி நடந்த கூத்தை பார்த்தவங்களுக்கு நான் எதுக்கு இதை எழுதறேன்னு தெரியும். பார்க்காதவங்க புண்ணியம் பண்ணவங்க. மலருக்கு ப்ரூஃப் பார்க்கறவன் நான், என் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் கிடையாது, அதுக்கு பதிலா லினக்ஸ்ங்கற சிஸ்டம். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "ஃபைல் பாமினில இருக்கு, அந்த ஃபான்ட்டையும் சேர்த்து அனுப்புங்க, போட்டுக்கறேன்". அதுக்கு அட்மின் சார் பதில், "முதல்ல லினக்ஸை தலைமுழுகிட்டு மனுஷங்க யூஸ் பண்ற சிஸ்டத்துக்கு வாங்க சார்". கீழ வரிசையா சிரிப்பு எமோஜி. சரி, சிரிங்க.

பாமினி யூனிகோட் கிடையாது, அதாவது எந்த மெஷின்லயும் தமிழ் தமிழாவே தெரியற பொது முறை இல்ல. இங்கிலீஷ் எழுத்து மேல தமிழ் முகமூடி போட்ட ஃபான்ட். அந்த ஃபான்ட் இல்லாத எந்த மெஷின்ல திறந்தாலும், அது புத்தம்புது விண்டோஸ் 11 ஆவே இருந்தாலும், "அம்மா"ங்கறது எம், கே, செமிகோலன், கே, எச்-னுதான் தெரியும். உங்க போன்ல திறந்து பாருங்க, அங்கயும் அதேதான். யூனிகோட்ல எழுதுங்கன்னு தமிழ்நாடு அரசே 2010-ல ஆணை போட்டாச்சு, நாம இன்னும் விழா மலரை பாமினில அடிச்சிட்டு இருக்கோம், ஆனா குத்தவாளி யாரு? என் லினக்ஸ்.

இதைத்தான் நான் வருஷக்கணக்கா கத்திட்டு இருக்கேன். விண்டோஸ்ல ஒண்ணு நடந்தா "கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது". லினக்ஸ்ல நடந்தா "உனக்கு இது தேவையா?". போன கமிட்டி மீட்டிங்ல பொருளாளரோட லேப்டாப் அப்டேட் ஆகிட்டே இருந்துச்சு, சதவீதம் நகரவே இல்ல, வரவு செலவு கணக்கு காட்ட முடியாம எல்லாரும் ரெண்டாவது ரவுண்டு காபி குடிச்சோம். யாராவது "விண்டோஸை தலைமுழுகுங்க"ன்னு சொன்னீங்களா? இல்லையே, "பரவால்ல சார், மெதுவா வரட்டும்"னுதானே சொன்னோம். எனக்கு மட்டும் அந்த "பரவால்ல சார்" ஏன் கிடைக்கறதில்ல?

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரௌட்ஸ்ட்ரைக்ங்கற செக்யூரிட்டி கம்பெனி அனுப்பின தப்பான அப்டேட்ல மைக்ரோசாஃப்ட் கணக்குப்படியே 85 லட்சம் விண்டோஸ் மெஷின் படுத்துச்சு, ஏர்போர்ட்ல போர்டிங் பாஸை பேனாவால எழுதிக் குடுத்தாங்க. உடனே ஒருத்தர் வருவார், "அது கிரௌட்ஸ்ட்ரைக் தப்பு, விண்டோஸ் தப்பு இல்ல". கரெக்ட் சார். ரொம்ப கரெக்ட். அதே நியாயத்தை என் பாமினி விஷயத்துல காட்டலாம்ல?

"டாலி ஓடுமா, போட்டோஷாப் ஓடுமா?"ன்னு கேப்பீங்க. நேரடியா ஓடாது. ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் சொருகறவங்க, டிடிபி கடை வச்சிருக்கறவங்க, உங்களை நான் கூப்பிடவே இல்ல, விண்டோஸ்லயே இருங்க. சில பழைய லேசர் பிரிண்டருக்கு டிரைவர் போடறதுக்குள்ள உயிர் போகும், அதுவும் உண்மை. "கேம்?" வால்வ் கம்பெனியோட ஸ்டீம் டெக்கே லினக்ஸ்லதான் ஓடுது, போய் பாருங்க, எனக்கு கேம் ஆட நேரம் இல்ல. ஆனா பிரௌசர், மெயில், ஆபீஸ் ஃபைல், தமிழ் டைப்பிங்னு என் பொழப்புக்கு வேண்டியது எல்லாம் மின்ட்ங்கற லினக்ஸ்ல நடக்குது. இந்த போஸ்டே அதுல தமிழ்99 கீபோர்ட்ல அடிச்சதுதான், எம் கே செமிகோலன்னா தெரியுது?

இன்னொண்ணு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுது. டிபிஎம் 2.0ங்கற செக்யூரிட்டி சிப் இல்ல, ப்ராசசர் பழசுன்னு நல்லா ஓடிட்டு இருந்த மெஷினை எல்லாம் 11 சேர்த்துக்கல. அக்கா பொண்ணோட லேப்டாப் அப்படி ஒதுக்கப்பட்டதுதான், 4 ஜிபி ரேம். கடைக்காரர் "புதுசு வாங்கிடுங்க, இதுக்கு ஆயிரம் ரூபா தரேன்"னார். நான் மின்ட்டோட லேசான வெர்ஷன் எக்ஸ்எஃப்சிஇ போட்டுக் குடுத்தேன். அவ டிஎன்பிஎஸ்சிக்கு அதுலதான் படிக்கறா, பிடிஎஃப் ஒரு பக்கம், யூட்யூப் கிளாஸ் ஒரு பக்கம். அவ கிட்ட போய் "மனுஷங்க யூஸ் பண்ற சிஸ்டத்துக்கு வா"ன்னு சொல்லுங்களேன்.

சொல்ல வேணாம்னுதான் இருந்தேன், ஆனா சொல்றேன். அட்மின் சார், உங்க பையன் ப்ராஜெக்ட் சப்மிட் பண்ற முந்தின நாள் ராத்திரி நீலத் திரை வந்து நின்னப்போ யாருக்கு போன் பண்ணீங்க? நான் கொண்டு வந்த பென் டிரைவ்ல இருந்தது என்ன? அதே மின்ட். அதுல பூட் பண்ணித்தான் உங்க ஃபைல் எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல இருந்து வெளிய இழுத்தோம். அண்ணி தோசை சுட்டுப் போட்டாங்க, நீங்க கையப் பிடிச்சுட்டு "நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்"னீங்க. அன்னைக்கு அது மனுஷங்க சிஸ்டம். நேத்து இல்ல. சம்பளம் இல்லாம ப்ரூஃப் பார்க்கறவன்தானே, நாலு வார்த்தை சொன்னா என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சிருப்பீங்க.

"இவ்ளோ சென்சிடிவ்வா இருக்கக் கூடாது, ஜோக்குதானே"ன்னு இன்பாக்ஸ்ல வந்தவங்களுக்கு: ஜோக்னா ரெண்டு பேரும் சிரிக்கணும்.

அப்புறம், "அண்ணே மின்ட் எல்லாம் பச்சப் புள்ளைங்களுக்கு, ஆர்ச் லினக்ஸ் போடுங்க"ன்னு கமெண்ட்ல கிளம்பி வர்ற தம்பிகளா, இன்னைக்கு வேணாம். பாதி பேர் லினக்ஸ்னாலே தெறிச்சு ஓடறதுக்கு நீங்கதான்டா காரணம். பேசாம லைக் மட்டும் போட்டுட்டு போங்க.