ஊருக்கு ஒரு யூவி விளக்கு போதும்

செடி வளர்க்கும் மீன்தொட்டிக்கு யூவி விளக்கு (தொட்டித் தண்ணீரைக் குழாய் வழியாக இழுத்து, புறஊதாக் கதிர் காட்டித் திருப்பி விடும் கருவி) போடலாமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் பள்ளத்தூர், ஒருவர் புதுவயல், இன்னொருவர் காரைக்குடியிலேயே எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. மூவரிடமும் கடையில் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். "இதை மாட்டிட்டா பாசியே வராது சார், 24 மணி நேரமும் ஓடட்டும்."

என் பதில் இது: போடலாம். ஐந்தாறு நாள் போட்டுவிட்டுக் கழற்றி வைத்துவிடுங்கள். இப்படிச் சொல்ல எனக்கு ஒரு வருடமும் கொஞ்சம் செடிகளும் செலவாயின. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முற்றத்துக்கு வடக்கே இருக்கும் தாழ்வாரத்தில்தான் தொட்டி இருக்கிறது. மூன்றடித் தொட்டி, சுமார் 150 லிட்டர். கிரிப்டோகோரைன், ரோட்டலா, வாலிஸ்னேரியா, மரக்கட்டையில் கட்டிய அனுபியாஸ். மீன் அதிகம் இல்லை, செடிதான் எனக்கு முக்கியம். சித்திரையில் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு நேராக நிற்பதால் வெயில் முற்றத்துக்குள் செங்குத்தாக விழும், தாழ்வாரத்துக்குள் ஏறாது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது முற்றத்தின் வழியாக வடக்குத் தாழ்வாரம் வரைக்கும் வெயில் நீண்டு வரும். நான் வளர்ந்த வீடுதான், ஆனாலும் தொட்டி வைக்கும்போது இதை யோசிக்கவில்லை. அந்த மார்கழியில் செடிகளை இடம் மாற்றுகிறேன் என்று மண்ணையும் கிளறிவிட்டேன். மண்ணுக்குள் இருந்த அமோனியா, பாசிக்குத் தீனியானது, தண்ணீருக்கு வந்தது, கூடவே தினமும் இரண்டு மணி நேரம் வெயில். பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது தொட்டி பச்சை. பின்னால் இருக்கும் சுவர் தெரியவில்லை, மீன் கண்ணாடியை ஒட்டி வந்தால்தான் தெரிந்தது.

பொங்கலுக்கு வந்த அப்பத்தா பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏன்டா, ஊரணித் தண்ணியைக் கொண்டாந்து ஊத்தி வச்சிருக்கியா? தேத்தாங்கொட்டையை உரசிவிட்டாத் தெளிஞ்சிருமே."

அப்பத்தா சொன்னதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசி, ஊரணித் தண்ணீரைத் தெளிய வைத்துக் குடித்த ஊர் இது. தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய மண்ணை ஒன்றோடொன்று சேர்த்து அடியில் படிய வைப்பதுதான் அந்தக் கொட்டையின் வேலை. தண்ணீர் கலங்கியிருப்பது மண்ணாலா, உயிராலா என்று முதலில் பார்க்க வேண்டும். மண் கலங்கலுக்கு யூவி ஒன்றும் செய்யாது. என் தொட்டியில் இருந்ததோ உயிருள்ள பாசி, ஒற்றைச் செல்லாக மிதப்பது. ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு மறுநாள் வரைக்கும் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். மண் என்றால் பெரும்பாலும் கீழே படிந்து மேலே தெளிந்துவிடும். பாசி என்றால் பச்சை அப்படியே நிற்கும்.

நான் தண்ணீர் மாற்றினேன். தினமும் பாதித் தொட்டி. இடுப்பு வலி வந்ததே தவிரத் தண்ணீர் தெளியவில்லை. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. வெயிலும் சத்தும் இருக்கும்போது மிதக்கும் பாசி ஒரே நாளில் இரு மடங்காகிவிடும். பாதித் தண்ணீரை மாற்றினால் நேற்றைய நிலைக்குத்தான் திரும்புகிறேன். நாளைக் காலையில் மறுபடி இன்றைய பச்சை. மூன்று வாரம் இதே ஓட்டம்.

அதற்குப் பிறகுதான் 9 வாட் யூவி ஒன்றை வாங்கி, மணிக்கு 150 லிட்டர் அளவுக்குப் பம்பைக் குறைத்து ஓட்டினேன். இரண்டாம் நாள் வரை ஒரு வித்தியாசமும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பின்சுவர் மங்கலாகத் தெரிந்தது. ஐந்தாம் நாள் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்கவே மாட்டேன். யூவி வீண் செலவு என்பவர்கள் பச்சைத் தண்ணீரோடு மூன்று வாரம் மல்லுக்கட்டிப் பார்க்காதவர்கள்.

அந்த ஐந்து நாளும் பில்டர் பஞ்சை இரண்டு முறை அலச வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செத்த பாசி எங்கேயும் மாயமாகப் போவதில்லை. அழுகும், ஆக்சிஜனை இழுக்கும், தின்ற சத்தைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கும். அந்த நாட்களில் இரவு முழுக்கக் காற்றுக் குமிழி விடும் கல்லை ஓடவிடுங்கள். அதைச் செய்யாமல் தெளிந்த தண்ணீரில் மீனை இழந்தவர்கள் உண்டு.

சரி, இந்த விளக்கு உள்ளே என்னதான் செய்கிறது? அதிலிருந்து வருவது சுமார் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர். அது செல்லுக்குள் புகுந்து டிஎன்ஏ இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமின் என்ற பகுதிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அதன் பிறகு அந்தச் செல்லால் பெருக முடியாது. வெயிலுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு என்று டவுன்ஸ், பிளண்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் சோதித்து எழுதியது 1877இல். 1910இல் பிரான்சின் மார்செய் நகரத்தில் குடிநீரையே இந்தக் கதிரால் சுத்தம் செய்து பார்த்தார்கள். நம் அடுப்படியில் தொங்கும் குடிநீர்க் கருவி பலவற்றிலும் இதே விளக்குதான் இருக்கிறது.

குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. குடிநீர்க் கருவியில் ஒவ்வொரு சொட்டும் விளக்கைத் தாண்டித்தான் டம்ளருக்கு வருகிறது. மீன்தொட்டியில் அப்படி இல்லை. விளக்கைத் தாண்டிய தண்ணீர் மறுபடி தொட்டியில் இருக்கும் பழைய தண்ணீரோடுதான் போய்க் கலக்கிறது. 150 லிட்டர் தொட்டியில் மணிக்கு 150 லிட்டர் ஓடினால் ஒரு மணி நேரத்தில் எல்லாத் தண்ணீரும் விளக்கைப் பார்த்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கலந்துகொண்டே இருப்பதால் 100க்குச் சுமார் 37 பங்கு ஒருமுறை கூடப் போயிருக்காது. ஐந்து மணி நேரம் ஓடினால்தான் போகாதது ஒரு பங்குக்கும் கீழே குறையும். பெட்டியில் 'ஸ்டெரிலைசர்' என்று அச்சடித்திருக்கலாம், ஆனால் தொட்டி எந்த நாளும் ஸ்டெரில் ஆகாது. ஆகவும் கூடாது. மிதக்கும் உயிர்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

'மிதக்கும்' என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. குழாய்க்குள் போகாத எதையும் இந்த விளக்கு தொடாது. கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக ஒட்டும் பச்சைப் பாசி, இலை ஓரத்தில் வளரும் கறுப்புத் தூரிகைப் பாசி, செடியில் சிக்கும் நூல் பாசி, மண் மேல் போர்வை மாதிரி விரியும் நீலப்பச்சைப் பாசி, இவை ஒட்டி வாழ்பவை. யூவி எத்தனை வருடம் ஓடினாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. தேவகோட்டையில் எனக்குப் பழக்கமான ஓர் அண்ணன் கறுப்புத் தூரிகைப் பாசிக்காக வருடக்கணக்கில் யூவி ஓட்டினார். ஒரு பல்பு தீர்ந்து இரண்டாவதும் மாட்டிவிட்டார். அவருடைய அனுபியாஸ் இலைகள் வெண்கலப் பானைக்குக் கரி பிடித்த மாதிரிதான் இருந்தன. போய்ப் பார்த்தால் செடிகளுக்காகத் தண்ணீரில் குமிழி விடும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒரு நாள் வேகமாக, ஒரு நாள் மெதுவாக. பில்டர் தண்ணீர் அந்த மூலைக்கு எட்டவே இல்லை. கெட்ட இலைகளை வெட்டி, பில்டரைக் கழுவி, குமிழி அளவை ஒரே சீராக வைத்த பிறகுதான் புது இலை சுத்தமாக வந்தது. பல்புக்குக் கொடுத்த பணத்தை நினைத்து எனக்கே வருத்தமாக இருந்தது. அவருக்கு அதை விற்றவர் 'என்ன பாசி?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

எதிர்ப்பக்கத்துப் பயமும் இதே காரணத்தால் அடிபட்டுப் போகிறது. யூவி போட்டால் நல்ல பாக்டீரியா செத்துவிடும் என்கிறார்கள். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா பில்டர் பஞ்சிலும் மண்ணிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு வாழ்வது. நடைமுறையில் அதற்கு ஆபத்து இல்லை. புதுத் தொட்டியில் பாட்டிலில் விற்கும் நல்ல பாக்டீரியாவை ஊற்றிய முதல் சில நாட்கள் மட்டும் அணைத்து வையுங்கள்.

அப்படியானால் ஓடிக்கொண்டே இருந்தால்தான் என்ன நஷ்டம்? இதைத்தான் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பச்சை தெளிந்த சந்தோஷத்தில் நான்கு மாதம் அணைக்கவே இல்லை. ரோட்டலாவின் நுனி முதலில் வெளிறியது. நரம்பு மட்டும் பச்சை, நடுவில் மஞ்சள். இரும்புச் சத்துக் குறைவு என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் வாரம் தவறாமல் உரம் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். திரவ உரத்தில் இரும்பு தனியாக இருக்காது. தண்ணீரில் கரைந்தபடியே நிற்பதற்காக ஈடிடிஏ போன்ற ஒரு பொருளோடு பிணைத்திருப்பார்கள். புறஊதாக் கதிர் அந்தப் பிணைப்பை உடைத்துவிடும். உடைந்தால் இரும்பு துருவாகிப் படியும், இலை வழியாகச் சாப்பிடும் செடிக்குக் கிடைக்காது. எங்கள் போர்த் தண்ணீர் கடினமானது, பிஎச் 7க்கு மேலே. அந்த நிலையில் ஈடிடிஏ பிடிப்பு ஏற்கெனவே தளர்வாகத்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் என் செடியை வாட்டின என்பது என் முடிவு. விளக்கை அணைத்துவிட்டு, உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து ஊற்றினேன். மூன்று வாரத்தில் புது நுனி பழைய நிறத்துக்கு வந்தது. மண்ணில் வேர் பாய்ச்சிய கிரிப்டோகோரைன் மட்டும் இந்தக் கூத்து எதிலும் அசையவில்லை.

மீனுக்கு மருந்து போடும்போதும் அணைத்துவிடுங்கள், பல மருந்துகள் இந்த வெளிச்சத்தில் சிதைந்துவிடும். வாதாம் இலை போட்டுத் தண்ணீரைத் தேநீர் நிறத்தில் வைத்திருப்பவர்கள் யூவி பக்கமே போக வேண்டாம். அந்த நிறம் வெளுத்துவிடும்.

வெள்ளைப் புள்ளி நோய்க்கு நல்லது என்றும் சொல்வார்கள். பாதி உண்மை. அந்த ஒட்டுண்ணி மீன் உடம்பில் இருக்கும்போதும், அடியில் கூடு கட்டிப் பெருகும்போதும் விளக்குக்கு எட்டாது. கூடு வெடித்து நீந்தி வரும் குஞ்சுகள் மட்டும்தான் மாட்டும், அவற்றிலும் குழாய்க்குள் போனவை மட்டும். பாசியைவிட அதற்கு அதிகக் கதிரும் வேண்டும். சென்னையில் வளர்ப்பு மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் மீன் வரவழைப்பவர்கள் தனியாக ஒரு சின்னத் தொட்டியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். எந்த விளக்கும் அதற்கு ஈடாகாது.

விளக்கு வாங்குவதாக இருந்தால் சில விஷயங்கள். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும், குவார்ட்ஸ் உறைதான் விடும். நம் போர்த் தண்ணீரில் அந்த உறை மேல் சில வாரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்து கதிரை மறைத்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் போய்விடும். அப்புறம், நீல வெளிச்சம் தெரிகிறது என்பதற்காகப் பல்பு நன்றாக இருக்கிறது என்று நம்பக் கூடாது. 8,000 மணி நேரத்துக்கு மேல் ஓடிய பல்பு கண்ணுக்கு அப்படியேதான் தெரியும், வேலை செய்யும் கதிர் குறைந்திருக்கும். நாள் முழுக்க ஓட்டினால் அது ஒரு வருடம்கூட இல்லை. எரியும் பல்பை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது. கண்ணையும் தோலையும் சுட்டுவிடும், வலி சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் உறையோடு மூடிய கருவியை மட்டும் வாங்குங்கள். பல்புக்குள் பாதரசம் இருப்பதால் உடைந்ததைக் குப்பையில் வீச வேண்டாம்.

இப்போது என் தொட்டியில் யூவி இல்லை. கார்த்திகை முடிந்ததும் தொட்டிக்கு முன்னால் முற்றத்துப் பக்கம் ஒரு மூங்கில் தட்டி தொங்கவிடுகிறேன், மாசியில் கழற்றுகிறேன். மண்ணைக் கிளற வேண்டுமானால் ஒரு மூலை, அடுத்த வாரம் அடுத்த மூலை. வாலிஸ்னேரியா அடர்ந்துவிட்டது, மிச்ச சத்தைப் பாசிக்கு முன்னால் அது தின்றுவிடுகிறது. இரண்டு தையாகப் பச்சை வரவில்லை.

விளக்கு துணியில் சுற்றி இரண்டாங்கட்டு அலமாரியில் இருக்கிறது. கல்யாணத்துக்கு அண்டா குண்டானை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இரவல் கொடுத்து வாங்கிய ஊர்தானே நம்முடையது. வருடத்தில் ஐந்து நாள் தேவைப்படும் ஒரு பொருளை ஏன் ஆளுக்கொன்று வாங்க வேண்டும்? காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் யாருக்காவது தொட்டி பச்சையாகிவிட்டால் எனக்கு மெசேஜ் போடுங்கள். தொட்டி எத்தனை லிட்டர், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, டம்ளரில் வைத்துப் பார்த்தீர்களா என்று மூன்று கேள்வி கேட்பேன். உண்மையாகவே மிதக்கும் பாசிதான் என்றால் வந்து எடுத்துப் போங்கள். திருப்பித் தரும்போது பம்பையும் குழாயையும் நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத் தாருங்கள், ஒரு தொட்டி நோய் இன்னொரு தொட்டிக்குப் போகக் கூடாது. குவார்ட்ஸ் உறையை மட்டும் பைக் டிக்கியில் போடாதீர்கள், கையில் பிடித்துக்கொண்டு வாருங்கள்.