ஐந்து வனம் சுற்றினோம், காட்டைக் காணோம்

போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு பஞ்சாரண்யத் தலங்கள் ஐந்தையும் ஒரே நாளில் சுற்றி வந்தேன். விடியற்காலை திருக்கருகாவூர், அப்புறம் அவளிவநல்லூர், உச்சிப்பொழுதில் அரித்துவாரமங்கலம், சாயங்காலம் ஆலங்குடி, அர்த்தசாமத்துக்குத் திருக்கொள்ளம்பூதூர். முல்லைவனம், பாதிரிவனம், வன்னிவனம், பூளைவனம், வில்வவனம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வனத்தின் பெயர். ஆனால் வழி நெடுக வயல்தான். காடு என்று கைகாட்ட நாங்கள் போன பாதையில் பத்துக் குழி நிலம் கண்ணில் படவில்லை. திருமறைக்காடு, திருவெண்காடு, சாய்க்காடு, தலையாலங்காடு, கொள்ளிக்காடு என்று டெல்டாவில் காடு பெரும்பாலும் ஊர்ப்பெயரில்தான் இருக்கிறது.

முன்னோர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் காட்டை அழித்துக் கழனி ஆக்கியதால்தான் நாம் சோறு தின்கிறோம். ஆனால் ஊருக்கு ஒரு திட்டுக்கூடவா மிச்சம் வைக்க முடியாது?

எங்கள் ஊர் பாமணியாற்றங்கரையில் இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையன்களிடம் வசூல் செய்து, ஆற்றோரப் புறம்போக்கில் முந்நூறு கன்று நட்டோம். புங்கன், நாவல், பூவரசு, நீர்மருது. போட்டோ எடுத்தோம். இதே முகநூலில் போட்டேன், ஏகப்பட்ட லைக். அடுத்த வைகாசியில் எண்ணிப் பார்த்தால் நாற்பது கன்றுதான் உயிரோடு இருந்தது. ‘ஆடு தின்னுடுச்சு’ என்று ஊரில் சொன்னார்கள். நானும் கொஞ்ச நாள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடு தின்றது உண்மைதான். ஆனால் யாருடைய ஆடு, எந்த இடத்தில் தின்றது? கோடையில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கிடை ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் வருஷா வருஷம் மேய்த்த இடம் அது. எங்கள் தெருப் பெண்கள் மாட்டுக்குப் புல் அறுத்த இடமும் அதுதான். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேலி கட்டினோம். வேலியைப் பிரித்தது வெளியூர்க்காரர்கள் இல்லை, எங்கள் ஊர்க்காரர்களே. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

டெல்டாவில் மிச்சமிருக்கும் பெரிய காடுகளில் ஒன்று, கடலோர உப்புச் சேற்றில் வளரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. அங்கேயும் இதே கதைதான் ஓடியது. காடு அழிந்ததற்கு ஊர்மக்கள் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததும்தான் காரணம் என்று வெகுகாலம் பழி சொன்னார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்தபோது முக்கியக் காரணம் வேறு என்று தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து காட்டைக் கூறு போட்டு, ஒவ்வொரு கூறாக அரசே மொட்டையடித்து வந்திருக்கிறது. மொட்டையான மண் வெயிலில் காய்ந்து உள்வாங்கிப் பள்ளமானது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வற்றி வற்றி உப்பு ஏறியது, அப்புறம் அங்கே கன்று பிழைக்கவில்லை. பிறகு வனத்துறையும் அந்த நிறுவனமும் கிராமத்து மக்களோடு சேர்ந்து, மீன்முள் மாதிரி நடுவில் ஒரு வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்காலும் வெட்டி, கடலின் ஓதம், அதாவது ஏறி இறங்கும் நீர், வந்து போக வழி செய்தார்கள். காடு திரும்ப எழுந்தது. யார் மேல் பழி போட்டார்களோ, அதே மக்கள்தான் அந்த வேலையில் கூட நின்றார்கள்.

பொதுமக்கள் ஆதரவு என்றால் என்ன என்று எனக்கு அதில்தான் புரிந்தது. ஐப்பசி மழையில் கன்று நட யார் வேண்டுமானாலும் வருவார்கள். சித்திரையில் ‘இந்த மூணு வருஷம் இந்தப் பக்கம் மேய்க்க மாட்டோம்’ என்று ஒத்துக்கொள்கிறார்களே, அதுதான் ஆதரவு. அப்படி ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால் காட்டில் அவர்களுக்குப் பங்கு இருக்க வேண்டும். நேபாளத்தில் 1993ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்க் குழுக்கள் கையில் காட்டைக் கொடுத்திருக்கிறார்கள். எப்போது புல் அறுப்பது, எந்தப் பக்கத்தை மூடுவது என்று குழுவே கூடி முடிவெடுக்கிறது. அங்கே மலை மொட்டையாகிக் கிடந்த இடங்களில் மரம் திரும்பியிருக்கிறது.

டீக்கடையில் இதைச் சொன்னால், ‘காடு வந்தா பன்னி வரும், மயில் வரும், வெள்ளாமை போயிடும்’ என்கிறார்கள். பயம் நியாயமானது, நாற்றங்காலை மயில் என்ன செய்யும் என்று நானும் பார்த்தவன்தான். ஆனால் மயில் காடு இல்லாமலே வந்துவிட்டது. எங்கள் ஊரில் பன்றி பதுங்குவது ஏற்கெனவே மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலில். இன்னொன்றும் கேட்கிறேன். எலியைப் பிடிக்க ஆந்தை வந்து உட்காரட்டும் என்று வயலுக்குள் தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றி வைக்கிறோமே, அந்த ஆந்தை குஞ்சு பொரிக்கப் பொந்துள்ள கிழட்டு மரம் ஊரில் எத்தனை இருக்கிறது? தாத்தா காலத்தில் சம்பா நடவுக்கு முன்னால் சேற்றில் மிதிக்கத் தழை வெட்டியதும் படுகை மரங்களில்தான். அப்போது மரத்தை வயலுக்கு எதிரி என்று யாரும் சொன்னதில்லை.

சரி, இந்த முறை வேறு மாதிரி செய்யலாம் என்று இருக்கிறோம். விஏஓ அலுவலகத்தில் ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டைப் பார்த்து, ஆற்றோரம் எது ஊர்ப் புறம்போக்கு என்று குறித்து வைத்திருக்கிறோம். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கொண்டு வருகிறோம். புல்லும் சுள்ளியும் பழமும் ஊருக்கு. முதலில் பாதி இடத்தை மட்டும் அடைப்பது, மறு பாதி மேய்ச்சலுக்கு. காவலுக்குத் தெருவுக்கு ஒரு வாரம் முறை. கிடை போட வருகிற ஆட்டு மந்தைத் தலைவர் கீதாரியிடம் போனிலேயே பேசியாயிற்று. ‘ஓட்டிப் போக ஒரு பாதை விட்டா போதும் தம்பி’ என்றார். போன தடவை இதை நாங்கள் கேட்கவே இல்லை.

தீர்மானம் நிறைவேறுமா, தெரியாது. அந்தப் புறம்போக்கில் வைக்கோல் போர் போட்டிருக்கும் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் என் சொந்த மாமா. அவருக்கு எங்கே மாற்று இடம் கொடுப்பது என்றுதான் இப்போது பேச்சு நடக்கிறது.

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் யாரிடமாவது நல்ல இலுப்பைக் கன்று இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அம்மா வன்னியும் ஒன்று வேண்டும் என்கிறார்.